அரிய சோவியத் ராணுவ வண்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராணுவ வண்டிகளின் மீது ஈடுபாடு கொண்டவர்களிடம் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும். சிலவற்றுக்கு என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வண்டிகள் என் மனத்துக்கு அவ்வளவு நெருக்கமானவை.

எந்த வண்டியை ‘அரியது’ என்கிறீர்கள்?

முதலில், எது அரியதல்ல என்று சொல்லிவிடுகிறேன். டி-34 டாங்கி அரியதல்ல. போருக்குப் பிந்தைய உற்பத்தியையும் சேர்த்தால் 80,000-க்கும் மேல் செய்யப்பட்டது; கிழக்கு ஐரோப்பாவில் எத்தனையோ ஊர்களில் பீடத்தின் மீது நிற்கிறது. சென்னையை அடுத்த ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உரிமம் பெற்றுச் செய்த டி-72-உம் அரியதல்ல. உலகெங்கும் 20,000-க்கு மேல் ஓடிய டாங்கி அது.

ஆனால் 1940-இல் எல்-11 பீரங்கியுடன் வெளிவந்த முதல் டி-34 வேறு கதை. பெயர் ஒன்றுதான், அந்த ஆண்டில் வந்தவற்றில் பெரும்பாலானவை 1941 கோடையில் அழிந்துபோயின. எனவே அரியது என்பது பெயரைப் பொறுத்ததல்ல. எந்த ஆண்டு, எந்த ஆலை, எந்த வகை என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒரே ஒரு மாதிரியோடு நிறுத்தப்பட்டவை உண்டு. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டும் உழைத்து உழைத்தே தீர்ந்துபோனவை உண்டு. என்னை அதிகம் உருக்குபவை இந்த இரண்டாம் வகை. சோதனை வண்டியை யாராவது ஒருவர் பத்திரமாகக் கொட்டகையில் நிறுத்திவைப்பார். மூட்டை சுமந்த லாரியை யார் காப்பாற்றுவார்?

பெயர்கள் ஏன் இப்படி வெறும் எண்களாக இருக்கின்றன?

ரகசியம் ஒரு காரணம். ஆனால் எண்களுக்குள் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. புதிய டாங்கி வடிவமைப்பு ஒவ்வொன்றுக்கும் ‘ஆப்ஜெக்ட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் கொடுத்தார்கள். எண் எந்த நூறில் தொடங்குகிறது என்பதிலிருந்தே பிறந்த ஊரைச் சொல்லிவிடலாம். நூறுகள் என்றால் நீஷ்னி தாகில், இருநூறுகள் என்றால் லெனின்கிராட் கீரவ் ஆலை, நானூறுகள் என்றால் கார்கிவ், எழுநூறுகள் என்றால் செல்யாபின்ஸ்க். டி-72 நீஷ்னி தாகிலின் 172 வரிசையில் வந்தது. டி-64 கார்கிவின் 432. காலாட்படையைச் சுமக்கும் பிஎம்பி-1 கவச வண்டி செல்யாபின்ஸ்க்கின் 765.

லாரிகளுக்கு 1966-இல் ஒரு நான்கு இலக்க முறை வந்தது. முதல் இலக்கம் எடையின் வகுப்பு. இரண்டாவது, வண்டியின் வேலை. மின்ஸ்க் ஆலையின் மாஸ்-7907 என்ற பெயரைப் பாருங்கள். 7 என்றால் 40 டன்னுக்கு மேல். 9 என்றால் சிறப்பு வேலைக்கான வண்டி. 1985-இல் இரண்டே இரண்டு செய்தார்கள். ஏவுகணை சுமப்பதற்காக 24 சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மின்மோட்டார். அந்த மோட்டார்களுக்கெல்லாம் மின்சாரம் தர, டி-80 டாங்கியில் உள்ளதைப் போன்ற 1,250 குதிரைத்திறன் எரிவாயுச் சுழலி. இவ்வளவையும் அந்த நான்கு எண்கள் அடக்கமாக வைத்திருக்கின்றன.

நான்கு சங்கிலிப் பட்டைகள் கொண்ட டாங்கி உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது, இருக்கிறது. ஆப்ஜெக்ட் 279. லெனின்கிராட் கீரவ் ஆலையில் த்ரோயானவ் என்பவரின் குழு வடிவமைத்து, 1959-இல் உருவான கனரக டாங்கி. எடை 60 டன், பீரங்கி 130 மில்லிமீட்டர், எஞ்சின் 1,000 குதிரைத்திறன். முழுமையாக முடிக்கப்பட்டு இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. மாஸ்கோவுக்கு மேற்கே குபின்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

படத்தைப் பார்ப்பவர்கள் கவிழ்த்த தட்டுப் போன்ற அதன் உடலைப் பற்றியே பேசுகிறார்கள். அணுகுண்டின் அதிர்ச்சி அலையில் கவிழாமல் இருக்கவே அந்த வடிவம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த மெல்லிய வெளித்தகட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கவசத்தைத் துளைக்கும் குண்டு உள்ளே இருக்கும் தடித்த கவசத்தைத் தொடுவதற்கு முன்பே அதை வெடிக்கச் செய்வது.

ஆனால் எனக்கு வியப்பு அதன் அடிப்பகுதியில்தான். இரண்டு நீண்ட உள்ளீடற்ற விட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டைகள். அந்த விட்டங்களுக்குள்ளேயே எரிபொருள். சாதாரண டாங்கி சேற்றில் சிக்குவது எப்போது? பட்டைகள் புதைந்து, வயிறு தரையில் உட்காரும்போது. இதற்கு உட்காருவதற்கு வயிறே இல்லை. கீழ்ப்பரப்பு முழுவதும் ஏறக்குறைய பட்டைதான். சதுப்பிலும் ஆழ்ந்த பனியிலும் நடந்தது. விலையும் கொடுத்தது: திரும்புவது கடினம், உட்புறப் பட்டைகளில் பழுது வந்தால் கையை நுழைப்பதே பெரும்பாடு, உயரத்தைக் குறைக்கவும் வழியில்லை. 1960 ஜூலையில், 37 டன்னுக்கு மேற்பட்ட டாங்கிகளே வேண்டாம் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் சொல்லிவிட்டார். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் இந்த வண்டி படைக்குப் போயிருக்காது என்றே நினைக்கிறேன். அதைப் பழுது பார்க்கப்போகும் ஒரு மெக்கானிக்கின் முகத்தை எண்ணிப் பார்த்தால் அந்த முடிவு சரியென்று படும்.

‘நீலப் பறவை’ என்பது என்ன? ராணுவ வண்டியா?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவையும் எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம்.

1965 மார்ச் 18 அன்று அலெக்ஸி லியோனவ் விண்கலத்திலிருந்து வெளியே வந்து மிதந்தார். மனிதன் விண்வெளியில் நடந்தது அதுவே முதல் முறை. மறுநாள் தானியங்கி இறக்கும் கருவி வேலை செய்யவில்லை. லியோனவும் உடன் சென்ற பெல்யாயெவும் கையால் இயக்கி இறங்கினார்கள். இறங்கிய இடம் பெர்ம் பகுதியின் அடர்ந்த தைகா காடு. இடுப்பளவு பனி, ஹெலிகாப்டர் இறங்க ஒரு வெட்டவெளி இல்லை. உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த இரண்டு மனிதர்கள் இரண்டு இரவுகளைக் காட்டில் கழித்து, பிறகு பனிச்சறுக்குப் பலகைகளில் நடந்து ஹெலிகாப்டரை அடைந்தார்கள். வானத்துக்குப் போய்வரத் தெரிந்த நாட்டுக்கு, காட்டுக்குள் போய்வர ஒரு வண்டி இல்லை.

அந்த வண்டியைச் செய்யும் பொறுப்பு மாஸ்கோவின் ஸில் ஆலையில் சிறப்பு வடிவமைப்புக் குழுவை நடத்திய விதாலி கிராச்சொவிடம் வந்தது. 1966-இலேயே பெஸ்-1 என்ற முதல் மீட்பு வண்டி ஓடியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1970-களின் நடுவில் வந்த ஸில்-4906. ஆறு சக்கரங்களும் இழுக்கும். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் திரும்பும், நடுச் சக்கரங்கள் நேராக நிற்கும். உடல் கண்ணாடி இழையால் ஆனது. ஆற்றை நீந்திக் கடக்கும். பளிச்சென்ற நீல நிறத்தால் நீலப் பறவை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சோவியத் விமானப் படையின் தேடல் மீட்புச் சேவைக்காகச் செய்தவை என்பதால், ராணுவ வண்டியா என்ற கேள்விக்குப் பதில் ஆம் என்பதே. ஆனால் அதில் துப்பாக்கி இல்லை, பாரந்தூக்கி இருந்தது. ஆட்கள் ஏறும் வகைக்கு ஸில்-49061 என்று பெயர்.

சக்கரமும் போகாத சதுப்பு வந்தால்? நீலப் பறவையின் முதுகில் இன்னொரு வண்டி படுத்திருக்கும். ஸில்-2906. சக்கரமும் இல்லை, பட்டையும் இல்லை. கீழே திருகாணி போல இழைகள் ஓடும் இரண்டு பெரிய உருளைகள். இரண்டும் எதிரெதிராகச் சுழலும்போது, மரத்துக்குள் திருகாணி இறங்குவதுபோல வண்டி முன்னேறும். உருளைகள் உள்ளீடற்றவை, எனவே மிதக்கும். சேறு, பனி, நீர், நாணல் எதுவும் தடையில்லை. தார்ச்சாலை ஒன்றுதான் அதற்கு ஆகாது. அதனால்தான் அதைச் சுமந்து போக இன்னொரு வண்டி.

கிராச்சொவ் அதோடு நிற்பவரல்லர். 1941 வசந்தத்தில் அவசர அவசரமாக உருவான காஸ்-64 ஜீப், அதன் அடித்தளத்தில் எழுந்த பிஏ-64 கவச கார், போருக்குப் பின் நீர்நில லாரி டாஸ்-485 எல்லாம் அவர் கை. ஏவுகணை சுமந்த ஸில்-135-இல் எட்டுச் சக்கரங்களுக்கு இரண்டு எஞ்சின்கள். ஒன்று இடப்பக்கத்து நான்கையும் மற்றொன்று வலப்பக்கத்து நான்கையும் ஓட்டும். ஆரம்ப வகைகளில் வில் அமைப்பே இல்லாமல் டயரின் மென்மையை மட்டும் நம்பினார். வேகம் கூடியபோது வண்டி குதிரைபோல் துள்ளியது. பிறகு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் மட்டும் வில் கொடுத்தார். 1978-இல் காலமானார். போரைக் கடந்து வந்த ஒரு பொறியாளர், வழிதவறி இறங்கிய இருவரைத் தேடிப் போகும் வண்டியில் தன் முழுத் திறமையையும் கொட்டியிருக்கிறார். சோவியத் வண்டிகளில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

நினைவுச் சின்னமாக நிற்கும் ‘கத்யூஷா’ ராக்கெட் லாரிகள் போர்க்காலத்து அசல்களா?

பெரும்பாலும் இல்லை. நானும் பல ஆண்டுகள் தவறாகவே நம்பியிருந்தேன்.

1941 ஜூலை 14 அன்று ஓர்ஷா ரயில் சந்திப்பின் மீது ராக்கெட் பொழிந்த கேப்டன் பிளியோரவின் அணி, ஸிஸ்-6 என்ற மூன்று அச்சு லாரிகளில் வந்தது. அந்த லாரியை 1933 முதல் 1941 வரை சுமார் 21,000 செய்தார்கள். இன்று முழுமையான ஒன்றைக் காண்பது மிக அரிது. ஜெர்மானியரிடம் ரகசியம் சிக்கக்கூடாது என்பதால், பிடிபடும் நிலை வந்தால் வெடிக்கச் செய்யவேண்டும் என்பது கட்டளை. அக்டோபரில் சூழப்பட்டபோது பிளியோரவின் ஆட்கள் தங்கள் வண்டிகளைத் தாங்களே தகர்த்தார்கள். அவரும் அங்கேயே இறந்தார். பின்னர் வந்த கத்யூஷாக்கள் அமெரிக்கா அனுப்பிய ஸ்டூட்பேக்கர் லாரிகளில் ஏறின.

பீடங்களில் நிற்பவை பெரும்பாலும் போருக்குப் பின் வந்த லாரிகள். பின் அச்சுகளைப் பாருங்கள். பக்கத்துக்கு இரட்டை டயர் இருந்து, முன்பக்கம் அமெரிக்க லாரியின் சாயலில் இருந்தால் அது ஸிஸ்-151 ஆக இருக்கலாம். அதே முகம், பின்னால் அகன்ற ஒற்றை டயர் என்றால் ஸில்-157. ஸிஸ்-6-இன் முகம் முப்பதுகளின் முகம்: வளைந்த மட்கார்டு, அதன் மேல் தனியாக நிற்கும் விளக்குகள்.

இவை கத்யூஷாக்களே அல்ல என்று நான் சொல்லவில்லை; அந்த லாரிகளிலும் ராணுவம் உண்மையாகவே ராக்கெட் தண்டவாளங்களைப் பொருத்தியிருந்தது. 1941-இல் போரிட்டது என்று பலகை எழுதுவதுதான் தவறு.

ஏரியிலிருந்து டாங்கி எடுத்தார்களாமே, உண்மையா?

உண்மை. 2000 செப்டம்பர் 14 அன்று எஸ்தோனியாவில் குர்த்னா மதாஸ்யார்வ் என்ற சிறிய ஏரியிலிருந்து ஒரு டி-34 வெளியே வந்தது. இழுத்தது ஒரு கொமாட்சு புல்டோசர். காலையில் தொடங்கிய வேலை பிற்பகலில்தான் முடிந்தது. துடைத்துப் பார்த்தால் ஜெர்மன் அடையாளங்கள். சோவியத்திடமிருந்து பிடித்து ஜெர்மானியர் ஓட்டிய டாங்கி. 1944-இல் பின்வாங்கும்போது ஏரிக்குள் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே 116 குண்டுகள் இருந்தன.

அடியில் கரிச்சேறு (பாதி மக்கிய தாவரச் சேறு) தடிப்பாகப் படிந்த நீர்நிலைகளில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை; இரும்பு துருப்பிடிக்க அது வேண்டும். 56 ஆண்டுகள் கழிந்தும் அந்த டாங்கி அவ்வளவு நன்றாக இருந்ததற்குக் காரணம் இதுவே. லெனின்கிராட் முற்றுகை நடந்த நேவா ஆற்றிலிருந்தும் இப்படிப் பல எடுக்கப்பட்டிருக்கின்றன.

அந்த 116 குண்டுகளை மறந்துவிடாதீர்கள். அனுமதியும் வெடிபொருள் வல்லுநர்களும் இல்லாமல் போர்க்களங்களைத் தோண்டுபவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். சில வண்டிகளுக்குள் அவற்றை ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். அது கல்லறை. கல்லறையைத் திறப்பதற்கு உரிய மரியாதையோடுதான் திறக்கவேண்டும்.

புதிதாகச் செய்த நகல் வண்டிகளை ஏற்றுக்கொள்ளலாமா?

நகல் என்று எழுதி வைத்தால் மனமார ஏற்றுக்கொள்வேன். ஐந்து கோபுரங்கள் கொண்ட டி-35 டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்கிவில் சுமார் 60 செய்தார்கள். 1941-இல் பெரும்பாலானவை எதிரியால் அல்ல, வழியிலேயே பழுதாகி விழுந்தன. மிஞ்சிய அசல் ஒன்று குபின்காவில். யெகத்தெரின்பர்க் அருகே வேர்ஹ்னயா பிஷ்மா அருங்காட்சியகம் அதன் ஓடும் நகல் ஒன்றைச் செய்தது. அந்த நீண்ட உடல் வளைவில் எப்படித் திணறும் என்பதை, நின்றுகொண்டிருக்கும் அசல் காட்டாது. ஓடும் நகல் காட்டும்.

கவலை தருவது வேறொன்று: அசல் கதவு, அசல் சக்கரம், மற்றதெல்லாம் புதுத் தகடு, ஆனால் பலகையில் ‘1941’. அடுத்த தலைமுறை அதை அளந்து படம் வரைந்து, பொய்யையே வரலாறாக எழுதும். பழைய வெல்டிங் கோடு, வார்ப்பு எண், வண்ண அடுக்குகள் எல்லாம் சாட்சியங்கள். மணல் வீசிப் பளபளப்பாக்கும்போது சாட்சி வாயை மூடிக்கொள்கிறது.

சோவியத் வண்டி என்றால் ரஷ்ய வண்டிதானே?

இல்லை, இது திருத்தவேண்டிய பழக்கம். மாஸ் பெலாரூஸின் மின்ஸ்கில் பிறந்தது. டி-64-உம் பல இழுவை வண்டிகளும் உக்ரைனின் கார்கிவில். எனக்கு மிகவும் பிடித்த சின்ன வண்டியான லுவாஸ்-967 உக்ரைனின் லுட்ஸ்க் நகரத்தது.

கொரியப் போரின் அனுபவம், காயம்பட்டவனைக் குண்டுமழைக்குள்ளிருந்து எடுத்துவர சாதாரண ஜீப் மிகப் பெரிது என்று காட்டியது. அதற்கு விடையாக வந்த வண்டி இது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, 37 குதிரைத்திறன், ஓட்டுநர் நட்டநடுவில், இருபுறமும் ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர். சுடுகிறார்கள் என்றால் இருக்கையை மடித்து, ஸ்டீயரிங்கைச் சாய்த்து, ஓட்டுநர் படுத்துக்கொண்டே ஓட்டலாம். முன்னால் இருக்கும் கம்பி இழுப்பான், நெருங்க முடியாத இடத்தில் கிடப்பவனை விரிப்போடு இழுத்துவரும். சக்கரங்கள் சுழல்வதாலேயே நீரில் மெல்ல நீந்தும். இதன் மூல மாதிரிகளை மாஸ்கோ ஆய்வு நிறுவனத்தில் வடிவமைத்தவர் போரிஸ் பித்தர்மான். 1950-இல் கைதாகி, 1955-இல்தான் முகாமிலிருந்து விடுதலையானவர். அந்த மனிதரிடமிருந்து இந்த வண்டி வந்தது என்பதை நினைக்காமல் என்னால் இதைப் பார்க்க முடிவதில்லை.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

நமக்கு அருகில் என்றால் மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் (இன்று அஹில்யாநகர்) உள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம். 1971 போரில் இந்தியப் படை ஓட்டிய பிடி-76 வகை நீர்நில டாங்கியை அங்கே காணலாம். பின்லாந்தின் பரோலா அருங்காட்சியகத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். 1939 முதல் நடந்த போர்களில் பின்லாந்துக்காரர்கள் கைப்பற்றித் தாங்களே ஓட்டிய டி-26, டி-28, கேவி-1 டாங்கிகள் அங்கே இருக்கின்றன; மூன்று கோபுர டி-28-ஐ வேறெங்கும் எளிதில் காண முடியாது. இங்கிலாந்தின் போவிங்டனில் 1943-இல் சோவியத் ஒன்றியமே அனுப்பிவைத்த கேவி-1 இருக்கிறது. எஞ்சிய ஒரே கேவி-2 மாஸ்கோவின் ஆயுதப்படை மத்திய அருங்காட்சியகத்தில். லாரிகளுக்கென்றே ரியாசானில் ஒரு ராணுவ மோட்டார் அருங்காட்சியகம் உண்டு.

நானே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா?

பிரிட்டனிலும் செக் நாட்டிலும் தனிநபர்கள் வைத்திருக்கிறார்கள், ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தபின். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறையல்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை நிறம் பூசுவதையே தடை செய்கிறது. பழைய ஜீப்பை ஆசையாகப் புதுப்பிப்பவர்கள் வண்ணக் கடைக்குப் போகும்முன் இதை நினைவில் கொள்ளவேண்டும். 1:35 அளவு மாதிரிகளைக் கட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

உக்ரைனில் போர் நடக்கும்போது இந்த ஈடுபாடு சரியா?

2022-க்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கடக்காமல் யாரும் இதில் இருக்கமுடியாது. 2023-இல் கிடங்குகளிலிருந்து டி-54, டி-55 டாங்கிகள் ரயிலில் ஏறிப் போவதைப் படங்களில் பார்த்தோம். அருங்காட்சியகப் பொருள் என்று நாம் பட்டியலிட்ட வண்டிக்குள் மறுபடியும் இளைஞர்களை ஏற்றினார்கள். எரிந்த வண்டியின் படத்தில் ‘எந்த வகை’ என்று முதலில் தேடிய என் கண்ணை அன்று வெறுத்தேன். எரிந்த வண்டிப் படங்களை வேட்டைப் பொருளாகப் பகிர்பவர்களோடு நான் பேசுவதில்லை. வண்டியைப் பற்றி எழுதும்போது அதற்குள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், வெளியேறும் கதவு எங்கே இருந்தது என்பதையும் எழுதுகிறேன்.

ரஷ்ய மொழி தெரியாமல் எப்படித் தொடங்குவது?

மொழி வேண்டாம், எழுத்து போதும். ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஆங்கில ‘எச்’ போல் இருப்பதன் ஒலி ‘ந’; ‘பி’ (P) போல் இருப்பது ‘ர’; ‘சி’ போல் இருப்பது ‘ஸ’; இரட்டை வயிறு கொண்ட ‘பி’ (B) போல் இருப்பது ‘வ’. இதைக் கற்றவுடன், எஞ்சின் அறையில் திருகிய சிறு தகடு படிக்கக் கிடைத்துவிடும்: ஆலையின் பெயர், வகை, தொடர் எண், ஆண்டு. அதைப் படம் எடுங்கள். பிறகு சட்டத்தில் அடித்த எண்ணைத் தேடிப் பிடித்து அதையும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அந்த வண்டியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.